தேடினால் முதலில் வரும் கம்பெனி

இணையத்தில் தேடினால் ஒரு கம்பெனி எத்தனையாவதாக வருகிறது என்று மாதம் ஒருமுறை அந்தக் கம்பெனிக்கே எழுதிச் சொல்வதும் ஒரு பிழைப்புதான். அந்தப் பிழைப்பில் நான் நாலு வருஷம் இருந்தேன்.

நீங்களும் மாதக் கடைசியில் இப்படி ரிப்போர்ட் எழுதுகிறவரா? எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று திரையையே பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

நான் வேலையில் சேர்ந்தது 2005இல். திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடிக் கட்டடத்தில் ஆபீஸ். முதலாளி கனகராஜ் சார் அதற்கு முன் பிரவுசிங் சென்டர் நடத்தியவர். பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். செய்த பிறகு அதைத் தேடலில் மேலே கொண்டுவருவதாகச் சொல்லி மாதாமாதம் ஒரு ரிப்போர்ட் கொடுப்போம். அந்த ரிப்போர்ட்டுகளை எழுதியவள் நான். போன் எடுப்பதும் டைப் அடிப்பதும் ஜெசிந்தா அக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்து மண்ணரையில் குடியிருந்தார். எங்கள் மூன்று பேரைத் தவிர ஆபீஸில் இருந்தது ஒரு பிரிண்டர்.

முதல் இடம்

மண்ணரையில் சுப்பிரமணியம் என்பவர் குழந்தைகள் உடுப்பு தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவர். அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்த முதல் மாதம் ரிப்போர்ட்டில் எழுத ஒன்றுமே இல்லை. குழந்தைகள் உடுப்பு ஏற்றுமதி என்று ஆங்கிலத்தில் எப்படி மாற்றி மாற்றித் தேடினாலும், பத்துப் பக்கம் தள்ளியும் அவர் கம்பெனி வரவில்லை. கனகராஜ் சார் என் பின்னால் வந்து நின்று, "அவரு கம்பெனி பேர அடிச்சுப் பாருங்க" என்றார். அடித்தேன். முதலில் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அந்தப் பேரில் உலகத்தில் வேறு யாரும் கம்பெனி வைத்திருக்கவில்லை.

'முதல் இடம்' என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் மேல்நோக்கி ஒரு பச்சை அம்புக்குறி போட்டேன். எந்த வார்த்தையைத் தேடினால் முதல் இடம் என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டேன். போடாமல் விட்டுவிடவில்லை. அடுத்த வாரம் வெப்சைட்டுக்குப் புதுப் படங்கள் வாங்க அவர் கம்பெனிக்குப் போனால், ஆபீஸ் அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் என் ரிப்போர்ட் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. பொடி எழுத்து பிரேமின் மரச்சட்டத்துக்குள் போய்விட்டது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்: "லோகத்துலயே மொதல் எடம்னு போட்டுக் குடுத்திருக்கறீங்க, அத ட்ராயர்ல போட்டு வெக்க மனசு வருமாங்க அம்மிணி?"

ஹிட்ஸ்

அந்தக் காலத்தில் ஹிட்ஸ் என்று ஒரு கணக்கு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால், அதில் முப்பது படம் இருந்தால், முப்பத்தொரு ஹிட். அந்த ஒருவர் நாமாகவே இருந்தாலும் அதே கணக்குத்தான். தாராபுரத்தில் ஒரு நூல் மில்லுக்கு நாங்கள் வெப்சைட் செய்து கொடுத்திருந்தோம். எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று கனகராஜ் சார் சொன்னதால், ஒரே பக்கத்தில் நூல்கண்டு படங்களாக அடுக்கினேன். அடுத்த மாத ரிப்போர்ட்டில் ஹிட்ஸ் எகிறிப்போய் நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த மில்லின் மேனேஜர் நிதானமான மனிதர். ரிப்போர்ட் கிடைத்ததும் பஸ் ஏறி ஆபீஸுக்கே வந்துவிட்டார். கோபமாக வரவில்லை, சந்தேகம் கேட்க வந்தார். எண்ணிக்கையை விரலால் தொட்டுக் காட்டி, இத்தனை பேரும் நிஜமான ஆட்களா என்று கேட்டார். "ஆமாங்க சார், அத்தனையும் ஹிட்ஸ்ங்க" என்றேன். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்து, குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "ஏனுங்க, இத்தன பேரு ஊட்டுக்குள்ள வந்துட்டு, ஒருத்தருகூடவா ஒரு வார்த்த பேசாம போயிருப்பாங்க?" என்றார்.

தேடின வார்த்தைகள்

கொஞ்ச நாளில் ஒரு நல்லது நடந்தது. தேடல் தளத்துக்காரர்களே ஒரு வசதியை இலவசமாகக் கொடுத்தார்கள். வெப்சைட் நம்முடையதுதான் என்று உறுதி செய்துவிட்டால், மக்கள் என்ன வார்த்தையைத் தேடியபோது நம் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது, எத்தனையாவது இடத்தில் பட்டது, எதைத் தேடியவர்கள் உள்ளே வந்தார்கள் என்று பட்டியல் வரும். அதுவரைக்கும் இருட்டில் துழாவிக்கொண்டிருந்த எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. முதலில் சுப்பிரமணியம் சாருடைய பட்டியலைத் திறந்தேன். ஜெசிந்தா அக்காவும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மேலே அவருடைய கம்பெனிப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே திருப்பூர் டெய்லர் வேலை, கட்டிங் மாஸ்டர் வேலை, செக்கிங் வேலை, ரூம் வசதியுடன் வேலை என்று வரிசையாக வந்தது. ஜெசிந்தா அக்கா ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. இப்படி விசாரித்துத்தான் அவரும் அவர் கணவரும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஏ சுமதி, இதுல துணி வாங்க வந்தவங்களவிட தைக்க வந்தவங்கதான் கூட இருக்காவ, பாத்தியா?"

வெள்ளையில் வெள்ளை

அந்தப் பட்டியலை அப்படியே ரிப்போர்ட்டில் சேர்க்கலாமா என்று கனகராஜ் சாரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. மூன்று குடும்பம் அந்த ஆபீஸை நம்பியிருந்தது, அந்தப் பயம் அவருக்கு. "அத காட்டுனா நாளைக்கே நிறுத்தீருவாங்க சுமதி. எடத்த மட்டும் போடுங்க, வார்த்தைய விட்டுருங்க" என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். வேலை தேடித்தானே நிறையப் பேர் வருகிறார்கள், அப்படியானால் அந்த வார்த்தைகளையும் பக்கத்தில் சேர்த்துவிட்டால் வருகை இன்னும் கூடும் என்றார். சுப்பிரமணியம் சாருடைய முகப்புப் பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், 'டெய்லர்கள் தேவை, தங்கும் இடம் உண்டு' என்று நானே அடித்தேன். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, தேடும் மெஷினுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

தேடல் முடிவுகளில் கம்பெனிப் பெயருக்குக் கீழே இரண்டு வரி வருமே, அதில் அந்த எழுத்து கறுப்பாக வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் சுப்பிரமணியம் சாரிடமிருந்து போன் வந்தது. நானும் ஜெசிந்தா அக்காவும் போனோம். கம்பெனி கேட்டுக்கு உள்ளே, தெற்கேயிருந்து ரயிலேறி வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். சுப்பிரமணியம் சார் இட்லி வாங்கிக் கொடுத்திருந்தார். அவரிடம் அப்போது ஆள் எடுக்கும் அளவுக்கு வேலை இல்லை. அந்த மனிதர் கையில், பிரவுசிங் சென்டரில் எடுத்த ஒரு பிரிண்ட் இருந்தது. அதில் நான் அடித்த வரி இருந்தது.

ஜெசிந்தா அக்கா அன்றைக்கே தன் கணவர் வேலை பார்க்கும் யூனிட்டில் பேசி அவர்களைச் சேர்த்துவிட்டார். அது எனக்குக் கிடைத்த மன்னிப்பு இல்லை, அவருடைய பெருந்தன்மை. அந்த வரியை எழுதியது யார் என்று சுப்பிரமணியம் சார் கேட்டபோது, "சாஃப்ட்வேர்ல ஏதோ தப்புங்க சார்" என்றேன். அந்த மனிதர் பிரிண்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல போட்டிருந்துச்சுல்லா, அதுல போயி யாராவது பொய் எழுதுவாவளான்னு நெனச்சேன்."

ஏஜென்ட்

இனி சொல்லப்போவதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துவது. சுப்பிரமணியம் சாருக்கு ஒரு பையிங் ஏஜென்ட் இருந்தார். வெளிநாட்டுக் கடைக்காரர்களிடம் பேசி ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறவர். பல வருஷமாக அவர் வழியாகத்தான் எல்லா ஆர்டரும் வந்தது. கொஞ்சம் அதட்டலான மனிதராம். சாம்பிள் தாமதமானால் எல்லார் முன்னாலும் சத்தம் போடுவாராம். ஒரு மாதம் நான் ரிப்போர்ட் கொடுக்கப் போயிருந்தபோது, சுப்பிரமணியம் சார் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். டீ வரவழைத்தார். அந்த ஏஜென்ட் இனி வேண்டாம் என்று முடிவு செய்து நேற்றே சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஏற்றுமதியாளர் கண்காட்சியில் வருஷா வருஷம் போடுகிற ஸ்டாலையும் இந்த முறை போடப்போவதில்லை என்றார். வெளிநாட்டுக்காரர்கள் தேடினால் அவர் கம்பெனிதான் முதலில் வருகிறதே!

டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். 'உங்கள் பேரை ஏற்கனவே தெரிந்தவர்கள் தேடினால்தான் நீங்கள் முதலில் வருவீர்கள். தெரியாதவர்கள் தேடினால் நீங்கள் எங்கேயும் இல்லை.' இரண்டே வரி. நேற்றுத்தான் சொல்லியிருக்கிறார், ஒரு போன் போட்டால் அந்த ஏஜென்ட் திரும்பி வந்துவிடுவார். கனகராஜ் சார் முகம் ஞாபகம் வந்தது. வீட்டில் என் தங்கைக்குக் காலேஜ் சேர்க்கை நடந்துகொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. "யோசிச்சுச் செய்யுங்க சார்" என்று மட்டும் முனகினேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க இருக்கறப்ப நடுவுல இன்னொரு ஆளு எதுக்குங்க அம்மிணி?" என்றார்.

பட்டனைத் தட்டினால் வருவது

2008 வாக்கில் எங்களிடம் நிறையக் கம்பெனிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு பட்டியலையும் பார்த்துப் பார்த்துக் கையால் ரிப்போர்ட்டுக்கு மாற்றுவதில் மாதத்தில் பாதி நாள் போனது. தேடல் தளம் கொடுக்கிற பட்டியலை ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், அதை எங்கள் எக்செல் ரிப்போர்ட்டோடு இணைக்க முயன்றேன். ஃபார்முலாவும், வேலையைத் தானாகச் செய்யவைக்கும் மேக்ரோவும் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூன்று வாரம் தப்பும் தவறுமாக வந்து, கடைசியில் ஒரு பட்டனைத் தட்டினால் ரிப்போர்ட் தானாக நிரம்பியது. அம்புக்குறிகூடத் தானாகவே வந்தது. கனகராஜ் சார் தட்டிப் பார்த்துவிட்டு எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

நான் எதை எழுதாமல் விடுவேன் என்பது அந்த மேக்ரோவுக்குத் தெரியாது. தேடின வார்த்தைகளும் நிஜமான இடங்களும் ஒன்றுவிடாமல் அதில் ஏறிவிட்டன. அதைக் கவனிக்காமல் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன் என்றுதான் கனகராஜ் சாரிடம் சொன்னேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, அனுப்புவதற்கு முன் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். காலை பத்து மணிக்கு போன் அடிக்க ஆரம்பித்தது. "போன மாசம் மொத எடம், இந்த மாசம் எம்பதாவது எடமா? ஒரே மாசத்துல எங்கீங்க போயி உளுந்தோம்?" என்று ஒருவர் கேட்டார். ஜெசிந்தா அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மதியத்துக்குள் ஆறு கம்பெனிகள் ரிப்போர்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. கனகராஜ் சார் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, களைத்துப்போன குரலில் சொன்னார்: "மெஷினுக்கு எத மறைக்கோணும்னு தெரியாது சுமதி, உங்களுக்குத் தெரியுமல்ல?"

ஒரு வரி

சுப்பிரமணியம் சார் மட்டும் போன் பண்ணவில்லை. அதனால் நானே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மண்ணரைக்குப் போனேன். தையல் ஹாலில் பாதி மெஷின்கள்மேல் துணி போர்த்தியிருந்தது. அமெரிக்காவிலேயே எல்லாம் படுத்துவிட்டது, திருப்பூர் எம்மாத்திரம் என்று அந்த வருஷம் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் விட்டுவிட்ட ஏஜென்டைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கம்பெனியில் குறைவாகவாவது மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

அவருக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். அவர் கம்பெனிப் பேரைத் தேடியவர்கள் அவரும், வீட்டில் அவர் மகளும், ஆபீஸில் நாங்களுமாகத்தான் இருக்கும் என்றேன். வெள்ளை எழுத்தை அடித்தது நான்தான் என்றும் சொன்னேன். பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. பட்டன் இல்லாமல் நாடா வைத்துக் கட்டுகிற கைக்குழந்தைச் சட்டை, கொஞ்சமாக வேண்டும் என்று யாரோ வெளிநாட்டில் தேடியிருக்கிறார்கள். அவர் வெப்சைட் அவர்கள் கண்ணில் பட்டது தேடல் முடிவுகளின் நாலாவது பக்கத்தில். அந்த வரியை அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். அந்தச் சட்டையைத்தான் அவர் பதினைந்து வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தார். வெப்சைட்டில் அதற்கென்று ஒரு படம்கூட நாங்கள் போட்டதில்லை. பழைய பட்டியல்களிலும் இந்த வரி இருந்ததா என்று கேட்டார். இருந்தது, மூன்று வருஷமாக மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை இருந்தது என்றேன். மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "மொதல்லயே இதக் காட்டியிருந்தீங்கன்னா நாலு வார்த்த திட்டியிருப்பனுங்க; ஆனா அந்த ஏஜென்ட உட்டிருக்க மாட்டனுங்க."

கடைசி மெயில்

அன்றைக்கே அந்தச் சட்டைக்கு ஒரு தனிப் பக்கம் போட ஆரம்பித்தேன். படம் எடுத்தேன். துணி என்ன, நாடா எங்கே வரும், எத்தனை உருப்படியிலிருந்து தைத்துத் தருவார் என்று எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கனகராஜ் சார் தடுக்கவில்லை, அவருக்கும் அலுத்துவிட்டிருந்தது. பக்கம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. மாதாமாதம் நிஜமான இடத்தை எழுதிக் கொடுத்தேன். நாற்பதாவது, இருபத்தெட்டாவது, பதினெட்டாவது. நாலு வருஷத்தில் நான் சந்தோஷமாக எழுதிய ரிப்போர்ட்டுகள் அந்தச் சில மாதங்களுடையவைதான். அதற்குள் சுப்பிரமணியம் சாரால் தாக்குப்பிடிக்க முடியாமல் போய்விட்டது. மெஷின்களை விற்றுவிட்டு, கட்டடத்தைக் காலி செய்து கொடுத்துவிட்டு, வேறொரு கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார்.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து, அந்த வெப்சைட் வழியாக எங்கள் ஆபீஸுக்கு ஒரு மெயில் வந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள், நாடாச் சட்டையைத் தேடி அந்தப் பக்கத்துக்கு வந்ததாகவும், சாம்பிள் வேண்டும் என்றும் எழுதியிருந்தார். சுப்பிரமணியம் சாருக்கு போனில் சொன்னேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் வந்தார். பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, ஜெசிந்தா அக்காவைத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் நடிப்பு இல்லை. பக்கத்துக் கம்பெனிக்காரரிடம் கொடுத்து அவரையே தைத்து அனுப்பச் சொல்வதாகவும், நாடா வைக்கிற விதத்தைத் தானே நின்று சொல்லிக் கொடுப்பதாகவும் சொன்னார். அப்படியே செய்தார். அந்த ஆர்டர் அந்தக் கம்பெனிக்கு வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கிறது என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்குப் படியிறங்கும் முன் அவர் திரும்பி நின்று சொன்னார்: "ஒருத்தராவது வழி கண்டுபுடிச்சு வந்துட்டாங்க பாருங்க அம்மிணி, நம்ம ஊடுதான் பூட்டிக் கெடக்குது."

அடுத்த மாதமே நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். நாலு வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டுகளில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரிகூடக் கிடைக்காது என்பதுதான் அந்தத் தொழிலில் நான் சம்பாதித்த திறமை.